வழிவிலகிய விசுவாசிகளுக்காக ஜெபிப்பதும் அவர்களை மன்னிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் உள்ள சபைகளின் வீட்டு ஜெபக்கூட்டங்களிலும், உபவாச ஜெப நாள்களிலும், திருவிருந்துக்கு முந்தைய ஆயத்தக் கூட்டங்களிலும் மறுபடியும் மறுபடியும் எழுகின்ற கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. சேலம் மறைமாவட்டத்திலிருந்து 1997-இல் பிரிந்து உருவான தருமபுரி மறைமாவட்டத்தின் பங்கு மக்கள், தென்னிந்தியத் திருச்சபையினர், பெந்தெகொஸ்தே சபையினர் எனப் பலரும் இவற்றைக் கேட்கிறார்கள். சொற்கள் சபைக்குச் சபை மாறினாலும் கேள்விக்குள் இருக்கும் வேதனை ஒன்றாகவே இருப்பதால், பதில்களும் எல்லாருக்கும் பொதுவான வேதவசனங்களைப் பற்றியே நிற்கின்றன.

"வழிவிலகியவர்" என்று யாரைச் சொல்வது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலேயே பல பெயர்கள் ஜெபக்குறிப்பில் ஏறிவிடுகின்றன. ஆகவே இதை முதலில் வைத்திருக்கிறோம். பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், பண்டிகைக்கு மட்டும் ஊர் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஓசூர் சிப்காட் ஆலைகளில் சுழற்சி முறையில் வேலை செய்து, ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் இரவு ஷிப்டு முடிந்து வீடு சேருகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் ஆராதனைக்கு வராததைக் கண்டவுடன் "பின்வாங்கிப் போய்விட்டார்" என்று சொல்லிவிடுவது அநியாயம். அவர் இருக்கும் இடத்தில் அவரோடு சேர்ந்து ஜெபிக்க யாராவது இருக்கிறார்களா என்று விசாரிப்பதுதான் அங்கே செய்ய வேண்டிய முதல் காரியம். ஒரு சபையை விட்டு வேறொரு சபைக்குப் போனவரையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்தப் பிரிவு நமக்கு வலிக்கலாம். ஆனாலும் அவர் நம்மை விட்டுப் போயிருக்கிறாரே ஒழிய, கிறிஸ்துவை விட்டுப் போய்விடவில்லை.

இவர்களைக் கழித்துவிட்டால் எஞ்சுகிறவர்கள் சிலரே. சக விசுவாசிக்குத் தீங்கு செய்துவிட்டு அதைச் சரிசெய்யாதவர், குடியிலோ தகாத உறவிலோ பணமோசடியிலோ விழுந்து எழாமல் இருப்பவர், மனம் கசந்தோ சந்தேகத்தாலோ விசுவாசத்தையே கைவிட்டவர். இம்மூவருக்கும் ஜெபம் தேவை. ஆனால் ஒரே விதமான ஜெபம் அல்ல. விழுந்தவருக்கு எழும்பும் பெலன் வேண்டும். கைவிட்டவருக்கு, அவர் மனதைக் காயப்படுத்தியது எது என்பதைக் கேட்கப் பொறுமையுள்ள ஒரு மனிதர் வேண்டும்.

அவர் எனக்குப் பெரிய தீங்கு செய்தார். அவரை மன்னிக்காமல், அவருக்காக ஜெபம் மட்டும் செய்தால் போதாதா?

போதாது என்பதை இயேசுவே சொல்லியிருக்கிறார். நின்று ஜெபிக்கும்போது ஒருவர்பேரில் நமக்குக் குறை இருந்தால், அந்த நேரத்திலேயே மன்னிக்க வேண்டும் என்று மாற்கு 11:25-இல் கட்டளையிடுகிறார். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் தமது சீஷருக்குக் கற்பித்த ஜெபம் முடிந்த கையோடு, அதிலுள்ள எல்லா விண்ணப்பங்களிலும் மன்னிப்பைப் பற்றிய ஒன்றை மட்டுமே எடுத்து மறுபடி விளக்குகிறார். ஆகவே இது ஜெபத்தின் ஓரத்தில் நிற்கும் காரியம் அன்று.

ஆனால் "மன்னித்துவிடு, அது சின்ன விஷயம்" என்று காயப்பட்டவரிடம் சொல்லுகிற உரிமையை வேதம் யாருக்கும் கொடுக்கவில்லை. மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் வரும் கடன்காரன் உவமையின் தொகைகளைக் கணக்கிட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஒரு வெள்ளிப்பணம் என்பது அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி; உடன் ஊழியன் பட்டிருந்த நூறு வெள்ளிப்பணம் நூறு நாள் உழைப்பு. அன்றாடம் கூலிக்குப் போய்ச் சாப்பிடுகிற குடும்பத்தில் மூன்று மாதத்திற்கும் மேலான வருமானம் போனால் அது எத்தகைய இழப்பு என்பதை நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இயேசு அந்த இழப்பை இல்லையென்று சொல்லவில்லை. அதன் அருகில் பதினாயிரம் தாலந்தை வைத்துக் காட்டுகிறார். ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் வெள்ளிப்பணம் என்பதால், ராஜா தன் ஊழியனுக்கு விட்டுக்கொடுத்தது சுமார் 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் இரண்டு லட்சம் ஆண்டுகள் தேவைப்படும் கடன். பிறர் நமக்குச் செய்தது பாரமானதுதான் என்பதை ஒப்புக்கொண்டே, நமக்கு மன்னிக்கப்பட்டது அதைவிட அளவிட முடியாத பாரம் என்பதை இந்த உவமை காட்டுகிறது.

மன்னிப்பு முழுமையாக வந்த பிறகுதான் ஜெபிக்கத் தொடங்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். மன்னிக்க வேண்டும் என்ற விருப்பம்கூட இன்னும் வராதவர், அந்த விருப்பத்தைத் தரும்படி கேட்டே தொடங்கலாம். "ஆண்டவரே, இவர் பெயரைச் சொல்லும்போதே என் உள்ளம் கொதிக்கிறது, இந்தக் கொதிப்போடு உம்மிடம் வந்திருக்கிறேன்" என்பது உண்மையான ஜெபம். சங்கீதங்களில் பல இதைவிடக் கடுமையான சொற்களோடு தொடங்குகின்றன. அவை வேதத்திலிருந்து நீக்கப்படவில்லை.

அவர் அதே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்கிறார். எத்தனை முறை மன்னிப்பது?

பேதுரு ஏழு முறை போதுமா என்று கேட்டபோது, இயேசு ஏழெழுபது தரம் என்றார். லூக்கா 17:4-இல், ஒரே நாளில் ஏழு முறை குற்றம் செய்து ஏழு முறையும் மனஸ்தாபப்பட்டு வந்தாலும் மன்னிக்கச் சொன்னார். எண்ணுவதை நிறுத்திவிடும்படிதான் இப்படிச் சொன்னார் என்பதில் சந்தேகமில்லை.

இங்கே இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பல குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், தேவையில்லாத குற்ற உணர்வைச் சுமக்கிறார்கள். மன்னிப்பது என்பது பழிவாங்கும் உரிமையை விட்டுவிடுவது. நம்பி ஒப்படைப்பது என்பது வேறு. குடிப்பழக்கத்தை விடுவதாக ஒவ்வொரு புதுவருட ஆராதனையிலும் பொருத்தனை செய்து, பொங்கலுக்குள் மறுபடி குடிக்கத் தொடங்கும் கணவரை மனைவி மன்னிக்கலாம். அதற்காக வீட்டுச் சாவியையும் கூலிப்பணத்தையும் மகளிர் குழுக் கடன் தவணையையும் அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று கட்டளை ஏதுமில்லை. மன்னிப்பை உடனே கொடுக்கலாம்; நம்பிக்கையோ காலப்போக்கில், கனிகளைக் கண்ட பிறகே திரும்பும். குடிநோய்க்கு மருத்துவச் சிகிச்சை உண்டு. அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவது அவருக்காகச் செய்த ஜெபத்தின் தொடர்ச்சியே. சிகிச்சைக்குப் போவது விசுவாசக் குறைவு என்று சொல்லுகிறவர்களுக்குச் செவிகொடுக்க வேண்டாம்.

அவருக்காக ஜெபிக்கும்போது எதைக் கேட்க வேண்டும்?

"அவரைத் திருத்தும்" என்ற ஒரே சொல்லோடு பலருடைய ஜெபம் முடிந்துவிடுகிறது. அது தவறில்லை, ஆனால் வேதத்தில் இதைவிட விரிவான வழிகாட்டல் இருக்கிறது.

பேதுரு மறுதலிக்கப் போகிறார் என்று தெரிந்திருந்தும், இயேசு அவரிடம், உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடி நான் உனக்காக வேண்டிக்கொண்டேன் என்றார் (லூக்கா 22:32). விழாமல் இருக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விழுந்த பிறகும் விசுவாசம் அணைந்துபோகாதிருக்கக் கேட்டார். அதோடு, திரும்பிய பின்பு நீ உன் சகோதரரைத் திடப்படுத்து என்று, விழுவதற்கு முன்பே அவருக்கு ஒரு வேலையையும் கொடுத்தார். நாமும் இப்படிக் கேட்கலாம்: அவருடைய விசுவாசத்தின் வேர் காயாதிருக்க வேண்டும், திரும்பி வந்தபின் அவருக்குச் சபையில் ஓர் இடமும் ஊழியமும் இருக்க வேண்டும்.

மோசேயிடமிருந்து வேறொன்றைக் கற்கிறோம். ஜனங்கள் பொற்கன்றுக்குட்டியை வணங்கியபோது, அவர்கள் பாவத்தை அவர் குறைத்துச் சொல்லவில்லை. மகா பெரிய பாவம் செய்தார்கள் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அவர்களுக்கு மன்னிப்பு இல்லையென்றால் தேவனுடைய புஸ்தகத்திலிருந்து தம் பெயரையும் கிறுக்கிப்போடும்படி கேட்டார் (யாத்திராகமம் 32:32). குற்றவாளியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு ஜெபிப்பது இதுதான். யோபுவுக்கும் இப்படியே ஆயிற்று: தன்னைக் குற்றப்படுத்திப் பேசிய மூன்று நண்பர்களுக்காக அவர் வேண்டுதல் செய்தபோதுதான் அவருடைய சிறையிருப்பு, அதாவது அவர் பட்ட துன்பநிலை, மாறியது.

உங்களுக்காக வேண்டுதல் செய்யாதிருப்பேனானால் நான் கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்கிறவனாவேன் என்று சாமுவேல் சொன்னது (1 சாமுவேல் 12:23), தம்மைத் தள்ளிவிட்டு ராஜாவைக் கேட்ட ஜனங்களைப் பார்த்துத்தான். தள்ளப்பட்டவரே ஜெபிக்கக் கடமைப்பட்டிருக்கிறார் என்பது அவர் கண்ட முறை.

நடைமுறையில், ஒரே நாளில் இருபது பெயர்களை வேகமாக வாசித்து முடிப்பதைவிட, ஒருவரை ஒரு வாரத்திற்கு எடுத்துக்கொண்டு, அவருடைய வேலை, உடல்நலம், பிள்ளைகளின் படிப்பு, கடன் என்று அவருடைய முழு வாழ்க்கைக்காகவும் ஜெபிப்பது நல்லது. அவருடைய பாவத்தை மட்டுமே நினைத்து ஜெபிக்கிறவருக்கு, நாளடைவில் அந்த மனிதர் மறைந்து பாவம் மட்டுமே தெரியத் தொடங்கும்.

ஜெபக்கூட்டத்திலும் வாட்ஸ்ஆப் குழுவிலும் அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கச் சொல்லலாமா?

அவருடைய அனுமதி இல்லாமல் கூடாது. இதில் மென்மையாகப் பேச மனமில்லை, ஏனென்றால் திரும்பி வர நினைத்த எத்தனையோ பேரை வாசலிலேயே தடுத்தது இந்தப் பழக்கம்தான். "இன்னாருக்காக ஜெபியுங்கள், அவர் இப்படி ஆகிவிட்டார்" என்று தொடங்குகிற குறிப்பு, பத்து நிமிடத்தில் காவேரிப்பட்டணத்திலிருந்து தேன்கனிக்கோட்டை வரை போய்ச் சேருகிறது. அடுத்த ஞாயிறு அவர் ஆலயத்துக்குள் நுழைந்தால், அத்தனை பேருக்கும் தன் கதை தெரியும் என்பது அவருக்கும் தெரியும். புறங்கூறுதல் ஜெபத்தின் உடையை உடுத்திக்கொண்டாலும் புறங்கூறுதலே.

அவர் பெயரை நாம் சொல்லாமலேயே கர்த்தர் அறிவார். பொதுக்கூட்டத்தில் "எங்களை விட்டுத் தூரமாயிருக்கிறவர்களுக்காக" என்று சொன்னால் போதும். பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டியிருந்தால், இரகசியம் காக்கத் தெரிந்த ஒருவரோ இருவரோ போதும்.

நேரில் போய்ப் பேச வேண்டுமா? போனால் எப்படிப் பேசுவது?

போக வேண்டும். மத்தேயு 18:15 முதல் 17 வரை இதற்கு ஒழுங்கு தரப்பட்டிருக்கிறது: முதலில் தனியாக, கேளாவிட்டால் ஓரிரண்டு பேரோடு, அதற்கும் செவிகொடாவிட்டால் சபைக்கு. நம் ஊர்களில் இந்த ஒழுங்கு பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. முதலில் கமிட்டிக்குச் செய்தி போகிறது, பிறகு நான்கைந்து பேர் பஞ்சாயத்துப் பேசுகிறவர்களைப் போல வீட்டுக்குப் போகிறார்கள், தனியாகப் பேசுவது நடப்பதே இல்லை. நான்கு மோட்டார் சைக்கிள்கள் வாசலில் வந்து நின்றாலே தெரு முழுவதும் எட்டிப் பார்க்கும். அந்த நிலையில் யாரும் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள மாட்டார், ஒப்புக்கொள்ளவும் முடியாது.

ஒருவராகப் போங்கள், பெண்ணிடம் பேச வேண்டியிருந்தால் பெண்ணே போகட்டும். மூத்தவரிடம் இளையவர் பேசும்போது, "அண்ணா, உங்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, அதனால் வந்தேன்" என்று தொடங்கினால் போதும். வேதவசனத்தை எடுத்துக்கொண்டு அதிலேயே தொடங்க வேண்டியதில்லை. முதல் சந்திப்பில் குற்றத்தைப் பற்றிப் பேசாமலேயே திரும்பி வந்தாலும் அது வீண் அல்ல. கலாத்தியர் 6:1, விழுந்தவரைச் சாந்தமுள்ள ஆவியோடு சீர்ப்படுத்தச் சொல்லிவிட்டு, நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு என்று உடனே சேர்க்கிறது. அந்தப் பயம் உள்ளுக்குள் இருந்தால் பேச்சின் குரல் தானாகவே தணியும்.

நம்மிடம்தான் அவருக்குக் குறை இருக்கிறது என்றால், மத்தேயு 5:23-24-இன்படி, காணிக்கையைப் பலிபீடத்தின் முன்பே வைத்துவிட்டு, அவரோடு ஒப்புரவாகப் போக வேண்டியவர்கள் நாம்.

ஒழுக்கக் கட்டுப்பாடாக ஒருவரைச் சபை விலக்கி வைத்தால், அவரோடு பேச்சுவார்த்தையையே நிறுத்திவிட வேண்டுமா?

சபை ஒழுக்கம் வேதத்தில் உள்ளதுதான். கொரிந்து சபையில் வெளிப்படையான பாவத்தில் வாழ்ந்த ஒருவரை விலக்கும்படி பவுல் கட்டாயமாகச் சொன்னார் (1 கொரிந்தியர் 5). ஆனால் இரண்டாம் நிருபத்தில் அவர் எழுதியதைப் பலரும் வாசிப்பதில்லை: அநேகரால் உண்டான அந்தத் தண்டனையே அவனுக்குப் போதும், அதிக துக்கத்தில் அவன் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்கிறார் (2 கொரிந்தியர் 2:6-8). இரண்டு இடங்களிலும் சொல்லப்படுகிறவர் ஒருவரே என்று பலர் கருதுகிறார்கள், வேறு சிலர் மறுக்கிறார்கள்; எப்படியாயினும் விலக்குவதற்கு ஒரு முடிவு உண்டு என்பது தெளிவு. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போதும், கீழ்ப்படியாதவனோடு கலவாதிருக்கச் சொல்லிவிட்டு, அவனைச் சத்துருவாக எண்ணாமல் சகோதரனாக எண்ணிப் புத்தி சொல்லுங்கள் என்கிறார்.

திருவிருந்திலிருந்து சிறிது காலம் விலகியிருக்கச் சொல்வது ஒன்று. அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பது, துக்க வீட்டில்கூட முகம் கொடுக்காமல் இருப்பது, அவர் பிள்ளைகளை ஞாயிறு பள்ளியில் ஒதுக்குவது ஆகியவை முற்றிலும் வேறு. பின்னவை சபை ஒழுக்கம் அல்ல. ஊரை விட்டுத் தள்ளிவைக்கும் பழைய வழக்கம் ஆலயத்துக்குள் நுழைந்தது, அவ்வளவுதான். தள்ளிவைக்கப்படுவது எப்படிப்பட்டது என்பதை முன்னோர் அனுபவத்தில் அறிந்திருக்கிற குடும்பங்கள் நம் சபைகளில் அதிகம். அதை இன்னொருவருக்கு நாம் செய்யலாகாது.

சபை வரலாற்றில் இந்தக் கேள்வி பெரும் போராட்டமாக ஒருமுறை எழுந்தது. கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் தேசியு, எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டான். சிலர் மறுத்துச் செத்தார்கள். பலர் பயந்து பலியிட்டார்கள். வேறு சிலர் பலியிடாமலேயே பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். துன்பம் தணிந்ததும் இவர்கள் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். ரோமாபுரியில் நோவாத்தியன் என்பவர், இவர்களைச் சபை ஒருபோதும் சேர்க்கக் கூடாது என்று தனியாகப் பிரிந்தார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் ஆயராயிருந்த சிப்பிரியான், அவசரப்பட்டு உடனே சேர்க்கவும் இல்லை, கதவை மூடவும் இல்லை. 251-இல் ஆயர்கள் கூடி, சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்ப்பது என்றும், பலியிட்டவர்கள் நீண்ட காலம் மனந்திரும்புதலில் நிலைத்திருக்க வேண்டும் என்றும் தீர்மானித்தார்கள். ஓரிரு ஆண்டுகளில் மறுபடியும் துன்பம் வரும் என்று தெரிந்தபோது, மனந்திரும்பிக் காத்திருந்த எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். சோதனையைச் சந்திக்கப் போகிறவர்களைத் திருவிருந்தின் பெலன் இல்லாமல் அனுப்பக் கூடாது என்பதே அவர்கள் சொன்ன காரணம். சிப்பிரியான் 258-இல் இரத்தசாட்சியாக மரித்தார். விசுவாசத்துக்காக உயிரையே கொடுத்த ஒருவர், உயிருக்குப் பயந்து விழுந்தவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்தார் என்பதை, விலக்கிவைக்கத் தீர்மானிக்கும் ஒவ்வொரு கமிட்டியும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சபைப் பணத்தையோ சீட்டுப் பணத்தையோ கையாடியவர் மன்னிப்புக் கேட்டால் போதுமா, திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

திருப்பிக் கொடுக்க வேண்டும். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திருப்பித் தருகிறேன் என்று வரி வசூலிப்பவரான சகேயு சொன்னபோது, இயேசு அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. நியாயப்பிரமாணமும் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்லுகிறது (எண்ணாகமம் 5:7). ஒரேயடியாகத் தர முடியாதவருக்குத் தவணை கொடுக்கலாம். பணம் இழந்தவர்கள் மனதார விட்டுக்கொடுக்க விரும்பினால் அது அவர்களுடைய சுதந்தரம். அவர்கள் சார்பில் ஆயரோ கமிட்டியோ "விட்டுவிடுங்கள்" என்று முடிவு செய்ய முடியாது. மன்னிக்கப்பட்டவரை மறுபடியும் பொருளாளர் பொறுப்பில் வைக்காமல் இருப்பது அவர்மேல் வன்மம் அல்ல, அவருக்குக் காவல்.

குழந்தைகளுக்கு எதிரான வன்கொடுமையையோ, வீட்டில் அடி உதையையோ "மன்னித்து மறைத்துவிடுங்கள்" என்று சபையில் சொல்கிறார்கள். இது சரியா?

சரியல்ல. இது குற்றம், குற்றத்தை மறைப்பது மன்னிப்பு ஆகாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின்படி, இப்படிப்பட்ட குற்றம் நடந்ததாக அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார். தெரிவிக்காமல் விடுவதே தண்டனைக்குரியது. ஆயர், உபதேசியார், ஞாயிறு பள்ளி ஆசிரியர் யாரும் இதற்கு விலக்கல்ல. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 ஆகிய உதவி எண்கள் உள்ளன.

ஒரு குழந்தையை இடறலடையச் செய்கிறவனுக்கு, கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்தப்படுவதே நலம் என்று இயேசு பேசிய வார்த்தைகள், மன்னிப்பைப் பற்றிய அதே மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில்தான் இருக்கின்றன. சிறையிலிருக்கும் ஒருவருக்காகவும் ஜெபிக்கலாம், அவரைப் போய்ப் பார்க்கலாம், அவர் மனந்திரும்ப உதவலாம். பாதிக்கப்பட்டவரை அவர் முன்னால் நிறுத்தி "மன்னித்தேன் என்று சொல்" என்று வற்புறுத்துவது மறுபடியும் இழைக்கப்படும் கொடுமை. பாதிக்கப்பட்டவர் எப்போது மன்னிப்பார் என்பது அவருக்கும் தேவனுக்கும் இடையில் உள்ளது. மற்றவர்கள் அவருக்குத் துணையாக நின்றால் போதும்.

வழிதவறியவர் எங்கள் ஆயர்தான் என்றால்?

மூப்பனுக்கு, அதாவது சபையை நடத்துகிறவருக்கு, விரோதமான குற்றச்சாட்டை இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்கலாகாது என்றும், பாவம் செய்தது மெய்யானால் எல்லாருக்கும் முன்பாகக் கண்டிக்க வேண்டும் என்றும் 1 தீமோத்தேயு 5:19-20 ஒரே மூச்சில் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு வாயடைப்பதும் தவறு, இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு தூற்றுவதும் தவறு. எழுத்து மூலமாக, கையொப்பத்தோடு, அவருக்கு மேலுள்ள பொறுப்பாளரிடம் கொடுங்கள். அவருக்காக ஜெபிப்பதை அதனோடு நிறுத்திவிட வேண்டாம்.

என் மகன் விசுவாசத்தை விட்டுவிட்டான். இப்போது ஊர்த் திருவிழாவுக்கும் குலதெய்வக் கோவிலுக்கும் போகிறான். அவனை எப்படி நடத்துவது?

இந்தக் கேள்வியைக் கேட்கும் தாய்மார்களின் கண்ணீரை அறிந்தே எழுதுகிறோம். இரு மாவட்டங்களிலும் ஒரே குடும்பத்தில் இரண்டு வழிபாடுகள் இருப்பது புதிதல்ல. மாமன் மச்சான் உறவுகள் எல்லாம் அந்தப் பக்கமும் இருக்கும். பிற வழிபாட்டை இழிவாகப் பேசி ஒருவரும் பிள்ளையைத் திரும்ப அழைத்துவந்ததில்லை. அப்படிப் பேசுவது அவனுடைய மனைவியையும் அவள் பெற்றோரையும் காயப்படுத்தும். நம் வீட்டு வாசலை அவனுக்கு அந்நியமாக்கும். அவன் வந்தால் சாப்பாடு போடுங்கள், பேரப்பிள்ளைகளைக் கொஞ்சுங்கள், நீங்கள் ஜெபிக்கும் நேரத்தில் வழக்கம்போல் ஜெபியுங்கள். சாப்பாட்டு நேரத்தைப் பிரசங்க நேரமாக்க வேண்டாம்.

மோனிக்கா என்னும் தாய் தன் மகன் அகுஸ்தீனுக்காகப் பல ஆண்டுகள் அழுது ஜெபித்தார். அவன் வேறு சமயக் கொள்கையில் சேர்ந்தான். தாயிடம் பொய் சொல்லிவிட்டு இரவோடு இரவாக ரோமாபுரிக்குக் கப்பலேறினான். மோனிக்கா பின்தொடர்ந்து போனார். 387-ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் பண்டிகையில் மிலான் நகரில் ஆயர் அம்புரோசிடம் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில் மோனிக்கா மரித்தார். எல்லாத் தாய்மாருக்கும் இந்த முடிவைக் கண்ணால் காணக் கிடைக்கும் என்று நாம் வாக்குக் கொடுக்க முடியாது. லூக்கா 15-இல், வீட்டை விட்டுப் போய்த் திரும்பிய மகனின் உவமையில், தகப்பன் தூரத்திலேயே மகனைக் கண்டான் என்றால், வழியைப் பார்ப்பதை அவன் நிறுத்தவில்லை என்று பொருள். அந்த அளவுதான் நம் கையில் இருக்கிறது.

எனக்குத் தீங்கு செய்தவர் மன்னிப்புக் கேட்காமலே மரித்துவிட்டார். இனி என்ன செய்வது?

இப்போதும் மன்னிக்கலாம். ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை; ஆனாலும் அவர் சாகும்போது அவர்களுக்காக வேண்டிக்கொண்டார். பவுலைக் கைவிட்டவர்களும் கேட்கவில்லை. அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக என்று 2 தீமோத்தேயு 4:16-இல் அவர் எழுதியது ஒருதலையான மன்னிப்புதான். மரித்தவர்களுக்காக ஜெபிப்பதில் சபைகளுக்குள் வேறுபாடு உண்டு: கத்தோலிக்கர் நவம்பர் 2-இல் கல்லறைத் திருநாளிலும் திருப்பலியிலும் அவர்களை நினைத்து வேண்டுகிறார்கள், சீர்திருத்த சபையினர் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. ஆனால் அவருடைய பிள்ளைகளோடு பகையைத் தொடராமல் இருப்பது இரு சாராருக்கும் பொதுவான கடமை. வரப்புத் தகராறு அப்பாக்களோடு முடியாமல் பேரன்கள் வரைக்கும் வந்திருக்கிறது என்றால், அதை முடித்துவைக்கக் கூடியவர் உயிரோடிருக்கிற நீங்கள்தான்.

நான்தான் வழிவிலகிப் போனவன். திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்வார்களா?

பம்பிலியாவில் ஊழியத்தை விட்டுவிட்டுப் போன மாற்குவைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று பவுல் உறுதியாக நின்றார். அதனால் அவரும் அவருடைய உடன் ஊழியர் பர்னபாவும் பிரிந்தே போனார்கள். அதே பவுல், கடைசிக் காலத்தில் சிறையிலிருந்து, மாற்குவை அழைத்துவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதினார். இடையில் பர்னபா அவரைக் கைவிடாமல் தம்மோடு அழைத்துப் போயிருந்தார். உங்களுக்கும் ஒரு பர்னபா தேவை; சபை முழுவதையும் ஒரே நாளில் எதிர்கொள்ள வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல், வார நாளில் ஒரு மாலையில் ஆயர் வீட்டுக்கோ பங்குத்தந்தை இல்லத்துக்கோ போங்கள். முன்கூட்டியே தொலைபேசியில் "உங்களிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று மட்டும் சொன்னால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. கத்தோலிக்கராயிருந்தால் திருப்பலிக்கு முன் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதற்கு) செல்லலாம். அங்கே சொன்னதை எவரிடமும் வெளியிடக் குருவுக்கு உரிமை கிடையாது. உள்ளூரில் பேசக் கூச்சமாயிருந்தால், எலத்தகிரிக்கோ கோவிலூருக்கோ ஓசூருக்கோ போய், உங்களை அறியாத ஒரு குருவிடமோ போதகரிடமோ பேசித் தொடங்குவதிலும் தவறில்லை. நீங்கள் யாருக்காவது தீங்கு செய்திருந்தால், அவரைச் சந்திக்கும் முன் அதைப்பற்றி அந்த ஊழியரோடு ஆலோசித்துக்கொள்ளுங்கள். எதிர்பாராமல் வீட்டு வாசலில் போய் நின்றால் அவர் மறுபடியும் காயப்படக்கூடும். அவர் உடனே மன்னிக்காவிட்டாலும், அதற்காகச் சபைக்கு வருவதை நிறுத்திவிடாதீர்கள். முதல் சில வாரங்களில் யாராவது கூர்ந்து பார்த்தாலும், பழைய கதையைக் கிளறினாலும், உங்கள் பர்னபாவின் பக்கத்தில் உட்காருங்கள். ஆராதனை முடிந்தவுடன் அவரோடேயே வெளியே வந்துவிடலாம்.